மாடிக்கு ஏறிய பெட்டிகள்

"யோவ், எண்ணிப் பாத்தியா? இதோட பதினேழு பெட்டி மாடிக்கு ஏறியிருக்கு!"

வாசல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு அன்புசெல்வி கிசுகிசுத்தாள். மாடியில் குடியிருக்கும் ஹேமலதா, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை ஆளைக் கட்டிப்பிடிப்பதுபோலத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தாள்.

"ஏறினா ஏறட்டும், உனக்கென்ன வந்துச்சு?" என்றார் கணவர் தட்சிணாமூர்த்தி, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வீட்டைக் காலி பண்றாங்கய்யா! வேற எதுக்கு இவ்ளோ பெட்டி? அவ அக்கா பாரீசுல இருக்காளே, கூப்ட்டுக்கிட்டா போல."

சொல்லும்போதே அவளுக்கு வாயெல்லாம் பல். இருக்காதா பின்னே? விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஏலத்தில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் தொண்டை கிழியக் கூவி விற்றுவிட்டு, குருசுக்குப்பத்து வீட்டில் வந்து விழுகிறவள் அவள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு கொஞ்சம் தூங்கினால்தான் மறுநாள் மனுஷியாக எழுந்திருக்க முடியும்.

அந்தத் தூக்கத்துக்கு எமனாக வந்து வாய்த்திருந்தான் ஹேமலதாவின் மகன் ஆகாஷ். வயது நாலு. இவள் தலையைச் சாய்த்ததுதான் தாமதம், மேலே தடதடவென்று ஓடுவான், சொம்பை உருட்டுவான், கட்டிலிலிருந்து குதிப்பான். இருப்பது ஒரே பிள்ளை, ஆனால் லாரியிலிருந்து கருங்கல் இறக்குகிற சத்தம்!

சண்டை போடலாம் என்றால் ஹேமலதா பார்க்கும்போதெல்லாம் "சாப்ட்டீங்களாக்கா?" என்று சிரிக்கிறவள். அவளிடம் எந்த வாயால் சண்டை போடுவது? இரண்டு வருஷமாக அன்புசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஆகாஷ் படியில் அகப்பட்டான்.

"எங்கடா ராஜா போகப் போற?"

"பாரீசுக்கு! பிளேன்ல!"

"அப்பாவும் வராராடா?"

"எல்லாரும்! இன்னும் ரெண்டு பெட்டி வந்துட்டா கெளம்ப வேண்டியதுதான்!"

சின்னப் பிள்ளை பொய் சொல்லுமா? அன்புசெல்வி அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு வந்த முதல் பாசம் அது.

மறுநாள் வஞ்சிரத்தில் நல்ல நடுத்துண்டாக நாலை விற்காமல் எடுத்து வந்து குழம்பு வைத்தாள். "மாடிக்குக் குடுக்கணும். போற புள்ளைங்க வாய்க்கு ருசியா சாப்ட்டுப் போவட்டும்."

"எனக்கு ஒரு நாளாவது வஞ்சிரம் வச்சிருக்கியா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"நீயும் பாரீசுக்குப் போ, வக்கிறேன்."

குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றும்போது ஹேமலதாவே இறங்கி வந்தாள். கையில் ஒரு காகிதம், முகத்தில் தயக்கம்.

"அக்கா, கீழ் வீட்டுக்காரங்க கையெழுத்து ஒண்ணு வேணும். உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா..."

அன்புசெல்விக்குப் புரிந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரித்தால் அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்துக் கேட்பார்கள். எதிர்வீட்டு அமுதவல்லி வெளிநாடு போனபோதும் இவள்தான் போட்டுக் கொடுத்தாள்.

"இஷ்டம் இல்லாம? ஒண்ணு என்ன, பத்து போடறேன், கொண்டா!"

"ஒரு வாட்டி படிச்சுப் பாத்துடுங்கக்கா."

"உன்னை எனக்குத் தெரியாதா? பேனாவக் குடு."

பெரிய எழுத்தில் பெயரை எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தாள். ஹேமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாட்டேன்னுடுவீங்களோன்னு ரொம்ப பயந்துட்டேன்க்கா."

"நான் ஏம்மா மாட்டேன்னு சொல்லப்போறேன்? போற எடத்துல நல்லா இருங்க. எப்ப கெளம்புறீங்க?"

"எங்க கெளம்புறோம்க்கா?"

"பாரீசுக்குத்தான். உன் புள்ளையே சொல்லிட்டானே!"

ஹேமலதா கலகலவென்று சிரித்துவிட்டாள். "ஐயோ அக்கா, அது அந்த பிரிட்ஜ் பெட்டி! மொதல்ல அதை மீன்கடைன்னான். அப்புறம் ஜெயிலுன்னு சொல்லி அவங்கப்பாவப் புடிச்சு உள்ள போட்டான். இப்ப ரெக்கை ஒட்டி பிளேனாக்கிட்டான். நாங்க எங்கயும் போகலக்கா."

அன்புசெல்வி அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "அப்ப... நான் போட்ட கையெழுத்து?"

"பிளே ஸ்கூலுக்குக்கா! கீழ் வீட்ல ஒத்துக்கிட்டா மாடியிலயே நடத்திக்கோன்னு ஓனரு சொல்லிட்டாரு. பொம்மையே கெடையாது, இந்தப் பெட்டிங்கதான். புள்ளைங்க இஷ்டத்துக்கு உருட்டலாம், ஏறலாம், குதிக்கலாம். இப்பவே இருபத்திரண்டு பேரு சேந்துட்டாங்கக்கா. டைமு, மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும்!"