மனுஷக் கை படாத ஆர்டர்

லவுடோக்கா துறைமுகத்து மீன் கம்பெனியில் வசிதிக்கு அன்று கடைசி நாள். கழுத்தில் பிரிவுபசார மாலை கனத்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து ஏபிஐ!" என்றார் மேனேஜர் வைசேயா, வாய் நிறைய மரவள்ளிக்கிழங்கோடு. "அமெரிக்காக்காரன் சாஃப்ட்வேரும் நம்ம சாஃப்ட்வேரும் நேராப் பேசிக்கும். நடுவுல மனுஷக் கையே படாது."

ஆறு வருஷமாக நடுவில் இருந்த கை வசிதியுடையது. அங்கிருந்து வரும் ஆர்டரைப் பார்த்து இங்கே தட்டச்சு செய்வாள்.

"தேதியில அவங்க மாசத்தை முதல்ல போடுவாங்க, நாம நாளைப் போடுவோம். அதை யார் சார் மாத்துவா?"

"எல்லாம் ஏபிஐ பார்த்துக்கும். அது என்ன, உன்னை மாதிரி அடிக்கடி டீ குடிக்க எழுந்து போகுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வசிதியும் சிரித்துவைத்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, அந்த ஏபிஐயைச் செய்துகொடுத்த, பக்கத்து ஊர் நாடியிலிருந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வைசேயாவின் மெயில் வந்தது. அதன் முதலாளி பின்னறைக்கு வந்து உரக்கப் படித்தார்:

"முதல் ஆர்டர் தேதிகூடப் பிசகாமல் வந்து விழுந்தது. எங்கள் வசிதி ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட இப்படிச் செய்ததில்லை!"

படித்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவளைத் தட்டிக்கொடுத்தார். "அடுத்த ஆர்டர் வந்திருக்கு. சீக்கிரம் அடிச்சு அனுப்பும்மா."

வசிதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பத்து நிமிஷம் பொறுங்க சார். ஏபிஐ டீ குடிச்சுட்டு வரும்."