ஏரி மிருகத்தின் கடைசி அத்தியாயம்

அப்போது தம்பிக்கு ஏழு வயதா எட்டு வயதா, சரியாக நினைவில்லை. ஏரியில் வாழும் மிருகத்தைப் பற்றிய ஒரு திகில் நாவலை அக்கா அவனுக்கு வாசித்துக் காட்டியதும், அந்த மிருகம் கடைசியில் சாதுவாகிவிட்டதும் மட்டும் நிச்சயம்.

பல வருடங்கள் கழித்து, அதே புத்தகத்தை அவன் அக்காவுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். ஆபரேஷன் முடிந்து அவளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. மறுநாள் அவிழ்ப்பார்கள். பார்வை திரும்புமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

"பேய்ப்படம்னாலே எழுந்து ஓடுவே. நீ போய் இதை வாசிக்கிறே பாரு," என்று அவள் சிரித்தாள். கை மட்டும் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது.

கடைசி அத்தியாயம் வந்தது. தம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டு, கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தான்.

"என்னடா, உன்னையும் அது முழுங்கிடுச்சா?"

"இரு, வாசிக்கிறேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மிருகம் கதவைத் தட்டியது. பையன் பயப்படாமல் ஒரு ரொட்டியை நீட்டினான். அது தின்றுவிட்டுத் தண்ணீருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது."

அக்கா அவன் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள்.

"புளுகாதே. புத்தகத்துல அப்படி இல்லை. அந்த ரொட்டி சின்ன வயசுல நான் உனக்காகச் சேர்த்தது."

"இப்பத்தான் தெரிஞ்சுதுக்கா."

"அப்புறம் ஏன் மாத்தி வாசிச்சே?"

"நீ ஏன் மாத்தினே?"

"நீ பயந்து நடுங்கிக்கிட்டு இருந்தே."

"நீ மட்டும் என்னவாம்?"

அவள் போர்வையை விட்டாள்.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். கடைசிப் பக்கத்தை அவளே வாசித்தாள். அதில் மிருகம் பையன் உட்பட எல்லோரையும் தின்றுவிடுகிறது. அக்கா இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். தம்பி இன்னும் பேய்ப்படம் பார்ப்பதில்லை.