துயர் துடைக்க வந்தவர்கள்

“உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடு பிள்ளை. இந்த வீட்டிலை இனி ஒரு நாளும் நீ இருக்கக் கூடாது,” என்றாள் குணலட்சுமி.

குணலட்சுமி மலாயாப் பென்சன்காரரின் மனைவி. ஊர் மாதர் துயர் துடைப்புச் சங்கத்தின் தலைவி. பெண்களுக்கு வாக்குரிமை வந்த மறு வருடம் தொடங்கிய சங்கம் அது. தொடங்கி ஆறு மாதத்தில் எத்தனையோ தரம் தேநீரும் பலகாரமும் ஆயிற்று. இரண்டு தரம் படம் எடுப்பித்துப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். துடைத்த துயர்தான் ஒன்றுமில்லை.

கணவனிடம் அடி வாங்கும் ஒருத்தியின் வீட்டுப் படியைச் சங்கம் மிதிப்பது இதுவே முதல் தடவை. அதுவும் உடுப்பிட்டியிலிருந்து போன மாதம்தான் இணுவிலுக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை பத்மாசினி பிடிவாதமாக நின்றதால்தான்.

மீனாம்பிகை சுவரோடு சாய்ந்து நின்றாள். உதடு வீங்கியிருந்தது. இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. அடித்த வீரன் உள்ளறையில் கள்ளு மயக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“முதலிலை விதானையாரிட்டை ஒரு முறைப்பாடு வைப்பம்,” என்றாள் பத்மாசினி.

“உமக்கென்ன விசரோ ரீச்சர்? விதானை, பொலிசு எண்டு போனால் குடும்ப மானம் கப்பலேறியிடும். சங்கம் ஆறுதல் சொல்லத்தான். ஆம்பிளையளை மறியலிலை போடுறதுக்கில்லை.”

“அப்ப அடிச்சவரைச் சும்மா விடுறதோ?”

“குணத்துக்கு நல்ல பெடியன். சேர்க்கைதான் சரியில்லை,” என்றாள் குணலட்சுமி.

ஊரில் பெண்டாட்டியை அடிக்கிற எல்லாரும் குணத்துக்கு நல்ல பெடியன்கள்தான். பத்மாசினி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இவவை எங்கை கொண்டுபோறது?”

“காங்கேசன்துறைப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச மடம் ஒண்டு இருக்கு. கோயிலைக் கும்பிட்டுக்கொண்டு, ரெண்டு நேரமும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம். தாய் தேப்பன் இல்லாத பிள்ளைக்கு வேறை என்ன வேணும்?”

இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு மடத்துச் சோறு. பத்மாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உயிர் பெரிதல்லவா? மீனாம்பிகையின் கையைப் பிடித்தாள்.

“கொஞ்ச நாளைக்கு எண்டாலும் வாங்கோ அக்கா. இன்னொருக்கால் அடிச்சால் தாங்க மாட்டியள்.”

மீனாம்பிகை அசையவில்லை.

“அலுமாரியிலை மேல்தட்டிலை தகரப் பெட்டிக்குள்ளை வீட்டு உறுதிப் பத்திரம் கிடக்கும். அதையும் எடுத்துத் தா,” என்று அவசரப்படுத்தினாள் குணலட்சுமி. “நான் பத்திரமா வைச்சிருப்பன்.”

தலைவிக்கு எவ்வளவு முன்யோசனை என்று பத்மாசினி ஒரு கணம் வியந்துதான் போனாள்.

அப்போதுதான் மீனாம்பிகை வாயைத் திறந்தாள். அந்த வீங்கிய உதட்டோடு சிரிக்கவும் பார்த்தாள்.

“ரீச்சர், இது என்ரை அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. உள்ளுக்குப் படுத்திருக்கிறவர் கட்டின வேட்டியோடை வந்து சேர்ந்தவர். அடியும் வாங்கிக்கொண்டு நான் ஏன் வெளிக்கிடோணும்?”

பிறகு தலைவியின் பக்கம் திரும்பினாள்.

“உங்கடை மகனை எழுப்பி உங்கடை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, மாமி.”