பென்சில் கையெழுத்து

பதவியின் கடைசி நாள். சுவரிலிருந்து ஜனாதிபதியின் படத்தை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தார்கள். பேட்டிக்கு வந்த நிருபர், பத்து வருடம் நன்றாக ஆண்டதற்கு என்ன காரணம் என்று கேட்டாள். ஜனாதிபதி மேசை டிராயரைத் திறந்து, சுண்டுவிரல் நகமளவுக்குத் தேய்ந்துபோன ஒரு ரப்பரை எடுத்து வைத்தார்.

"எந்த உத்தரவானாலும் ஐயா முதலில் பென்சிலில்தான் கையெழுத்துப் போடுவார்," என்றார் செயலாளர் நாகேஸ்வரி. "மறுநாள் காலையில் திரும்பப் படிப்பார். பாதியை அழித்துவிடுவார். மீதிக்குத்தான் பேனா."

"அவசரம் என்று வந்து நின்றால்?"

"நாளைக்கு வாருங்கள் என்பேன்," என்றார் ஜனாதிபதி. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு தடவை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்."

எந்தத் தடவை என்று நிருபர் கேட்கவில்லை. துறைமுகத் தொழிலாளர்களைச் சுட்ட நாள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நாகேஸ்வரி டிராயரை மூடப் போனபோது, ரப்பர் இருந்த இடத்துக்கு அடியில் ஓர் உத்தரவு தெரிந்தது. பேனாவில் போட்ட கையெழுத்தைத் தேய்த்துத் தேய்த்து, அந்த இடத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது.