கதைக்கு ஒரு நகரம்

"நம்ம ஊரா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சாக்கா?"

தங்கை இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். அக்கா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அக்காவின் ஒரே பொழுதுபோக்கு அது. முகம் தெரியாத சிலர் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகி, ஒரே கதையைச் சேர்ந்து எழுதுவார்கள். அடுத்த கதை எந்த நகரத்தில் நடப்பது என்று ஒரு வாரமாக அங்கே அடிதடி. அக்கா கற்பனையாக ஒரு துறைமுக நகரம் கேட்டாள். போன கதையின் நடுவில் வந்து சேர்ந்த 'பருந்து' விடவில்லை. 'நிஜ ஊர்னாத்தான் உயிர் இருக்கும். மின்மினி, உங்க ஊரையே வெச்சுக்கலாமே?' மின்மினி என்பது அக்கா.

இன்று சரியென்று ஊர்ப் பெயரையும் போட்டுவிட்டாள்.

"மூணு வீடு மாறிட்டோம். சித்தப்பாகிட்டகூட விலாசம் சொல்லல. உன் கையை ஒடிச்ச அந்த ஆளு, ஜாமீன்ல வந்து ஓடினவன், எங்க இருக்கான்னு போலீசுக்கே தெரியல. நீ என்னடான்னா ஊரெல்லாம் தண்டோரா போடற!"

"கத்தாதேடி."

"கத்துவேன்! உனக்காக வேலையை விட்டேன், சிநேகிதிங்களை விட்டேன்..."

கோபத்துக்கு அடியில் இருந்தது பயந்து பயந்து வாழ்ந்த அலுப்பு. அதைக் காட்டினால் அக்கா உடைந்துபோவாள். கோபம் என்றால் தாங்கிக்கொள்வாள்.

திரையில் பருந்து வந்தது. 'உங்க பாத்திரத்துக்கு எந்தத் தெரு, எந்த வீடு? அப்பதான் தத்ரூபமா இருக்கும்.'

தங்கை பாய்ந்து கையைப் பிடிப்பதற்குள் அக்கா தெருப் பெயரோடு பதிலைத் தட்டி அனுப்பிவிட்டாள்.

'தையல் கடைக்கு எதிர் வீடு. நீலக் கதவு. சாயங்காலம் தனியாத்தான் இருப்பா.'

"நீலமா? நம்ம கதவு பச்சையாச்சே! தெருவும் இது இல்ல..."

"போன கதையில இந்தப் பருந்து எடுத்துக்கிட்டது ஒரு புருஷன் பாத்திரம். சோத்துத் தட்டைக் காலால தள்ளிட்டு, 'என்னை விட்டா உனக்கு நாதி யாருடி?'ன்னு கேக்கற புருஷன்." அக்கா லேப்டாப்பை மூடினாள். "நிஜத்துல அந்தத் தட்டை எடுத்துக் கழுவினவ நான். அன்னைக்கே ஆளு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா ஒரு வாரம் மல்லுக்கு நின்ன?"

"உடனே சொன்னா நம்புவானா?"

"அப்ப அந்த நீலக் கதவு?"

"என் கேசைப் பாக்கற இன்ஸ்பெக்டரம்மா வீடு. சொல்லி வெச்சிருக்கேன், தட்டினா அவங்களே திறப்பாங்க."