மொஹீட்டோவில் கீரை

பாரில் ஊருக்கெல்லாம் மொஹீட்டோ கலந்து கொடுத்தவர் அவர். ஈரல் கெட்டதிலிருந்து மனைவி அவருக்குத் தினமும் ஒரு பச்சை மொஹீட்டோ அரைத்துக் கொடுக்கிறாள். புதினாவும் எலுமிச்சையும் உண்டு. ரம்முக்குப் பதில் பசலைக்கீரை, வெள்ளரிக்காய்.

"இத மொஹீட்டோன்னு சொன்னா ஆடுகூட சிரிக்கும். ஒரு சொட்டு ரம் விடேன்."

"மூடிய மோந்து பாக்கக்கூடக் கிடையாது. வாயக் கட்டத் தெரியாத மனுஷனுக்கு ஈரல் ஒரு கேடா? பேசாம குடிங்க."

தினமும் இதே சண்டைதான்.

இன்று அவள் அவருடைய ரிப்போர்ட்டை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்றபடியே சமையலறைக்குள் போனாள். மிக்சி வழக்கத்தைவிட வெகுநேரம் ஓடியது.

அவள் கொடுத்த டம்ளரில் ஒரு வாய் குடித்தவர் அப்படியே நிறுத்தினார். அந்த நாக்கை ஏமாற்ற முடியுமா? கீரைக்குள் அசல் ரம், தாராளமாக.

"டாக்டர் கைய விரிச்சுட்டாரா?"

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவர் டம்ளரை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது வேணாம். கீரையே அரைச்சுக் குடு. எப்பவும் போலத் திட்டிக் குடு."