நாலு கால், ரெண்டு சத்தம்

அவள் வீசிய வீச்சில் இன்சோல்கள் இரண்டும் டாக்டரின் மேசையில் போய் விழுந்தன. பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது.

"இது ஷூவுக்குள்ள வைக்கிற இன்சோலா, செங்கல்லா டாக்டர்? போட்டதுலேர்ந்து முட்டி இன்னும் மோசமாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை நான் ஓடணும்!"

பேனாக்கள் உருண்டு தரையில் விழுவது கேட்டது. பொறுக்குவது யார் என்றும் தெரிந்தது. அக்காதான். தோள்பையின் ஜிப் கிலுங்கியது. குனியும்போது ஒரு சின்ன மூச்சு.

ஞாயிற்றுக்கிழமை, பார்வை இல்லாதவர்களுக்கான ஓட்டத்தில் தேர்வுப் போட்டி. ஜெயித்தால் தேசிய அணி. கோட்டை விட்டால் இந்த வயதில் இன்னொரு வாய்ப்பு வரப்போவதில்லை.

அவள் ஓடுவது அக்காவோடு. இருவர் மணிக்கட்டையும் ஒரு சின்னக் கயிறு இணைத்திருக்கும். கைக்குக் கை, காலுக்குக் கால். நாலு கால் ஓடுகிறது, ஆனால் கேட்பது ரெண்டு கால் சத்தம்தான் என்று மைதானமே சொல்லும்.

அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. "மாத்து ஆள் ஒருத்தரைப் பழக்கி வெச்சுக்கம்மா" என்ற கோச்சை, "எங்கக்கா இல்லாட்டி நான் ஓடவே மாட்டேன் சார்" என்று எல்லோர் எதிரிலும் வாயடைக்க வைத்தவள்.

அப்படி ஓடுகிற காலில்தான் இப்போது முட்டி மக்கர் பண்ணியது.

போதாக்குறைக்குக் காலையில் குளியலறையில் வேறு எரிச்சல். அவளுடைய ரப்பர் செருப்பில் ஒன்று எப்போதோ காணாமல் போயிருந்தது. கேட்கும்போதெல்லாம் அக்காவிடம் ஒரே பல்லவி. நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்டி, விடேன்.

"இன்சோலைப் போட்டுக்கிட்டு இந்த ஓடுற மெஷின்ல ஏறுங்க. குறை அதுலயா, உங்ககிட்டயான்னு பாத்துடலாம்." டாக்டருக்கும் சூடு ஏறியிருந்தது.

ஏறினாள். பக்கவாட்டுக் கம்பியை ஒரு கையால் தொட்டபடி ஓடினாள்.

தட். தட். தட். தட்.

டாக்டர் வேகத்தைக் கூட்டினார். வலி வரட்டும், வந்ததும் இந்த ஆளை ஒரு வழி பண்ணலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை.

"பாத்தீங்களா? இன்சோல் வேலை செய்யுது." குரலில் வெற்றி.

இறங்கினாள். இரண்டு இன்சோல்களையும் உருவிக் கடாசினாள். வெறும் ஷூவோடு மறுபடி ஏறினாள்.

தட். தட். தட். தட்.

இப்போதும் வலி இல்லை.

டாக்டரை நார் நாராகக் கிழிக்க இதைவிட நல்ல நேரம் வராது. வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

அந்தச் சத்தம் இடித்தது. சுவர்க் கடிகாரம் மாதிரி, பிசிறில்லாமல், சீராக. மைதானத்தில் அவள் காலடி இப்படிக் கேட்டதே இல்லை. அங்கே அது தட்-தட்... தட்-தட்... என்று ஒன்று குட்டையாகவும் ஒன்று நீளமாகவும் விழும். அதுதான் தன் ஓட்டம் என்று நினைத்திருந்தாள்.

மைதானத்தில் அவள் என்றைக்குத் தனியாக ஓடியிருக்கிறாள்?

மெஷினை நிறுத்தச் சொன்னாள்.

"அக்கா. நீ ஏறு."

"எனக்கெதுக்குடி? நேரமாச்சு, கிளம்பு."

"ஏறுன்னேன்!"

ஏறினாள். அக்காவின் காலடியில் பட்டை நகரத் தொடங்கியது.

தட்-தட்... தட்-தட்... தட்-தட்...

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முட்டியில் ஒரு குறையும் இல்லை. பாதத்திலும் இல்லை. நொண்டும் காலோடு ஜோடி சேர்ந்து, அதன் தாளம் தப்பாமல் அவளும் நொண்டியிருக்கிறாள். டாக்டர் அச்செடுத்து, அளவெடுத்து இன்சோல் செய்ததெல்லாம் நன்றாக இருக்கும் காலுக்கு.

"எத்தனை மாசமா?"

மெஷின் நின்றது.

தரையில் மண்டியிட்டு அக்காவின் காலைத் துழாவினாள். கால் பின்வாங்கியது. விடாமல் கணுக்காலைப் பிடித்தாள். வீங்கிக் கொதித்தது. நாடாவைப் பிய்த்து ஷூவை இழுத்தாள். மேலே அக்கா பற்களுக்கிடையே காற்றை உறிஞ்சுவது கேட்டது.

உள்ளே விரலை விட்டாள்.

குதிகால் இருக்கும் இடத்தில் மெத்தை போல ஏதோ ஒரு துண்டு. கத்தியால் அறுத்தது போலும், ஓரமெல்லாம் கரடுமுரடு. ரப்பர். அதன் மேல் வரி வரியாக மேடு. நடுவில் மட்டும் வரி தேய்ந்து வழுவழு என்றிருந்தது. அந்த வழுவழுப்பு எந்தக் காலால் தேய்ந்தது என்று அவள் கட்டைவிரலுக்குத் தெரியும். குளியலறையின் ஈரத் தரையில் வருடக் கணக்காக அதன் மேல் நின்றவள் அவள்தான்.

துண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இதானா உன் நாய்?"

தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. அக்கா அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை.

"நான் இல்லாட்டி ஓடவே மாட்டேன்னு ஊரைக் கூட்டிச் சொன்னியே. வலிக்குதுன்னு நான் யார்கிட்டடி சொல்றது?"